தடைகளுக்கு நடுவே ரோபோ எப்படி வழி கண்டுபிடிக்கிறது?

வீடு மாற்றும்போது நீளமான மேசை ஒன்றைக் குறுகலான கதவு வழியாக வெளியே கொண்டுவர முயன்றவர்களுக்கு இந்தக் கட்டுரை பேசப்போகும் சிக்கல் புதியதன்று. மேசையை நேராகப் பிடித்தால் இடிக்கிறது. சாய்த்துப் பிடித்தால் இரண்டு கால்கள் வெளியே போய்விட, மற்ற இரண்டும் கதவு நிலையில் சிக்கிக்கொள்கின்றன. சற்றே பின்னால் இழுத்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளும்போது மேசை நழுவி வெளியே வந்துவிடுகிறது. கதவின் அகலமோ மேசையின் அளவோ மாறாமலேயே, மேசை இருக்க வேண்டிய நிலைகளைச் சரியான வரிசையில் கோத்ததால் வழி பிறந்தது. ரோபோவியலில் பாதைத் திட்டமிடல் என்று சொல்லப்படுவது இப்படி நிலைகளை வரிசையாகக் கோக்கும் வேலைதான். இதன் கடினமான வடிவத்துக்குக் கணினி அறிவியலாளர்கள் 'பியானோ நகர்த்துவோர் சிக்கல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜேக்கப் ஷ்வார்ட்ஸும் மிக்கா ஷரீரும் 1983இல் அந்தப் பெயரிலேயே தொடராக ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள்.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் மூன்று வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. ரோபோ இப்போது எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அங்கிருந்து சேர வேண்டிய இடத்துக்கு எந்த வழியாகப் போவது என்பது இன்னொன்று. அந்த வழியில் ஒவ்வொரு நொடியும் சக்கரத்தை எவ்வளவு வேகமாகச் சுழற்றுவது என்பது மூன்றாவது. நாம் எடுத்துக்கொள்வது இரண்டாவது கேள்வியை. மற்ற இரண்டும் அவ்வப்போது வந்து போகும், ஏனென்றால் அவற்றை முற்றிலும் ஒதுக்கிவிட்டுப் போட்ட பாதைகள் திரையில் அழகாக இருந்தாலும் தரையில் உதவுவதில்லை.

ரோபோவைப் புள்ளியாகச் சுருக்குதல்

இந்தத் துறையின் மிக முக்கியமான எண்ணம் எது என்று என்னைக் கேட்டால், எந்தத் தேடல் முறையையும் சொல்ல மாட்டேன். கேள்வியை வேறோர் இடத்துக்கு மாற்றிக் கேட்ட அந்த ஒரு நகர்வையே சொல்வேன். டோமாஸ் லொசானோ-பெரெஸ் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகளால் பரவலான அந்த எண்ணத்தின் பெயர் நிலைவெளி, அதாவது ரோபோ இருக்கக்கூடிய எல்லா நிலைகளும் சேர்ந்த வெளி.

20 செ.மீ. ஆரம் கொண்ட வட்டமான ரோபோ ஒன்று தரையில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் உடல் எங்கெல்லாம் சுவரில் படும் என்று ஒவ்வொரு முறையும் கணக்கிடுவது தொல்லை. அதற்குப் பதிலாக, ரோபோவை அதன் மையப் புள்ளியாகச் சுருக்கிவிட்டு, அறையில் உள்ள ஒவ்வொரு தடையையும் எல்லாப் பக்கமும் 20 செ.மீ. பெருக்கச் செய்தால் கேள்வி எளிதாகிவிடுகிறது. பருத்த தடைகளுக்குள் அந்தப் புள்ளி நுழையாமல் இருந்தால் போதும், உண்மையான ரோபோ உண்மையான தடையில் இடிக்காது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 50 செ.மீ. இடைவெளி இருந்தால், பெருக்கிய படத்தில் அது 10 செ.மீ. சந்தாகத் தெரியும். 40 செ.மீ.க்கும் குறைவான இடைவெளி படத்திலிருந்தே மறைந்துபோகும். ரோபோ நுழைய முடியாத இடங்கள் தேடலைத் தொடங்கும் முன்னரே தாமாக அடைபட்டுவிடுகின்றன என்பதே இதன் அழகு.

வட்டத்துக்குத் திசை முக்கியமில்லை. செவ்வக வடிவ ரோபோவுக்கு அது முக்கியம், மேசைக்கு முக்கியமாக இருந்ததைப் போலவே. அப்போது ரோபோவின் நிலையைச் சொல்ல இரண்டு எண்கள் போதாமல், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற கோணமும் சேர்ந்து மூன்று எண்கள் தேவைப்படுகின்றன. ஆகவே நிலைவெளியும் முப்பரிமாணம் ஆகிறது. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு தளம் என்று அடுக்கி வைத்த மாடிக் கட்டடத்தைப் போல அதைக் கற்பனை செய்யலாம். ஒரு மாடியில் அடைபட்டிருக்கும் கதவு இரண்டு மாடி மேலே திறந்திருக்கக்கூடும். மேசையைத் திருப்பிப் பிடித்தபோது நாம் செய்தது வேறொரு மாடிக்கு ஏறிப்போனதுதான்.

இயந்திரக் கைக்கு வந்தால் நிலைமை இன்னும் விசித்திரமாகிறது. ஆறு மூட்டுகள் கொண்ட கையின் நிலை ஆறு கோணங்களால் குறிக்கப்படுகிறது என்பதால் அதன் நிலைவெளிக்கு ஆறு பரிமாணங்கள். கைக்கு எதிரே நட்ட ஒரு மெல்லிய கம்பி, அந்த வெளியில் கம்பியைப் போலவே இராது. கையின் எந்தப் பகுதி எந்தக் கோணத்தில் அதைத் தொடும் என்பதைப் பொறுத்து வளைந்து நெளிந்த பெரிய பகுதியையே அது விழுங்கிவிடும். அந்த வடிவத்தை மனத்தில் வரைந்து பார்க்க யாராலும் முடியாது. ஆனாலும் கேள்வி அதேதான்: ஒரு புள்ளி, சில அடைபட்ட பகுதிகள், தொடக்கத்திலிருந்து இலக்குவரை அடைபடாத ஒரு கோடு. இனி வரும் முறைகள் அனைத்தும் இந்த ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்பவை.

கட்டங்களாகப் பிரித்துத் தேடுதல்

மிக நேரான வழி, வெளியைச் சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் காலி அல்லது அடைப்பு என்று குறிப்பது. காலிக் கட்டங்கள் அண்டைக் கட்டங்களோடு இணைந்த வலைப்பின்னலாகிவிடுவதால், பாதை காண்பது அந்த வலைப்பின்னலில் குறைந்த செலவுள்ள வழியைத் தேடுவதாக மாறுகிறது. அதற்கான அடிப்படை அல்காரிதத்தை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் யோசித்து 1959இல் வெளியிட்டார். குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து அலை பரவுவதைப் போல, தொடக்கக் கட்டத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் தூர வரிசையில் பரவி, இலக்கை எட்டும்போது அது நிற்கிறது. கிடைக்கும் வழி நிச்சயமாக மிகக் குறுகியது. குறை என்னவென்றால், இலக்கு கிழக்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தும் மேற்கே இருக்கும் கட்டங்களை எல்லாம் அது பொறுமையாகத் திறந்து பார்க்கும்.

ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1966 முதல் 1972 வரை உருவாக்கப்பட்ட ஷேக்கி என்ற ரோபோவுக்காக வேலை செய்துகொண்டிருந்த பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ரஃபேல் ஆகிய மூவரும் 1968இல் வெளியிட்ட ஏ ஸ்டார் அல்காரிதம் இந்தக் குறையைத் தீர்த்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்களைக் கூட்டிப் பார்ப்பதே அதன் வழி. இதுவரை நடந்து வந்த செலவு முதல் எண். இங்கிருந்து இலக்குக்கு இன்னும் எவ்வளவு ஆகும் என்ற உத்தேச மதிப்பீடு இரண்டாவது எண். இரண்டின் கூட்டுத்தொகை எந்தக் கட்டத்துக்குக் குறைவோ அதையே அடுத்துத் திறக்க வேண்டும்.

தாளில் போட்டுப் பார்த்தால்தான் இது மனத்தில் பதியும். ஏழு நெடுவரிசை, ஐந்து கிடைவரிசை கொண்ட பலகை ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். தொடக்கம் இரண்டாம் நெடுவரிசையின் நடுக்கட்டம். இலக்கு ஆறாம் நெடுவரிசையின் நடுக்கட்டம். நான்காம் நெடுவரிசையில் நடுவிலுள்ள மூன்று கட்டங்களைச் சுவராக நிரப்பிவிடுங்கள், மேல் கட்டமும் கீழ்க் கட்டமும் திறந்திருக்கட்டும். மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளில் மட்டுமே நகரலாம், ஒவ்வோர் அடிக்கும் செலவு 1. சுவரே இல்லை என்று பாவித்து எண்ணிய தூரத்தையே மதிப்பீடாகக் கொள்வோம்.

தொடக்கத்தில் செலவு 0, மதிப்பீடு 4, கூட்டுத்தொகை 4. வலப்பக்கக் கட்டத்துக்குப் போனால் செலவு 1, மதிப்பீடு 3, கூட்டுத்தொகை மறுபடியும் 4. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அல்காரிதம் நம்பும் நேரம் இது. அதற்கு அடுத்தது சுவர். இப்போது மேலேயோ கீழேயோ போக வேண்டும் என்பதால் கையிலிருக்கும் கட்டங்களில் மிகச் சிறிய கூட்டுத்தொகை 6 ஆகிறது. அந்த 6-களையும் திறந்து பார்த்த பிறகு, இன்னும் ஒரு வரிசை மேலே ஏறித்தான் சுவரைத் தாண்ட முடியும் என்று தெரிய வரும்போது அது 8 ஆகிறது. அதன்பின் இலக்கை அடையும் வரை 8 மாறுவதே இல்லை: இரண்டு மேலே, நான்கு வலம், இரண்டு கீழே. சுவரைப் பற்றி எதுவும் அறியாத மதிப்பீடு, முட்டிக்கொள்ளும்போதெல்லாம் தன்னைத் திருத்திக்கொண்டு உண்மைச் செலவுக்கு வந்து சேர்வதை இந்த 4, 6, 8 காட்டுகிறது. கூட்டுத்தொகை சமமாக வரும்போது அதிகத் தூரம் வந்துவிட்ட கட்டத்தையே முதலில் எடுப்பது என்று வைத்துக்கொண்டால், இலக்கை எட்டுமுன் ஏ ஸ்டார் திறக்கும் கட்டங்கள் 12. டைக்ஸ்ட்ராவின் முறை இதே பலகையில் இலக்குக்கு முன் 28 கட்டங்களைத் திறக்கும். காலிக் கட்டங்கள் மொத்தமே 32தான்.

மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. அது உண்மையான செலவைவிட மிகையாக இருக்கக் கூடாது. குறைத்துச் சொன்னால் தேடல் மெதுவாகுமே தவிர, விடை கெடாது. கூட்டிச் சொன்னால், மிகச் சிறந்த வழியில் இருக்கும் கட்டத்தைச் செலவு அதிகம் என்று தவறாக எண்ணி ஒதுக்கிவிடக்கூடும். சிலர் வேகத்துக்காகத் தெரிந்தே மதிப்பீட்டைப் பெருக்குவார்கள். சற்று நீளமான பாதை கிடைத்தாலும் பரவாயில்லை என்ற இடங்களில் அது நியாயமான பேரம்.

கட்டங்களுக்கு என்றே உள்ள ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நான்கு திசைகளில் மட்டுமே நகரும்போது, மூலைவிட்டமாகப் போக வேண்டிய பாதை படிக்கட்டு போல ஆகி நேர்க்கோட்டைவிட 41 சதவீதம் வரை நீண்டுவிடும். எட்டுத் திசைகளை அனுமதித்தால் மிகை ஏறத்தாழ 8 சதவீதத்துக்குள் அடங்கும். கட்டத்தைச் சிறிதாக்குவதால் இந்த விகிதம் குறையாது, ஏனென்றால் குறை கட்டத்தின் அளவில் இல்லை, திசைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பலர் இதைக் கவனிக்காமல் கட்டங்களை நுணுக்கிக்கொண்டே போய் நினைவகத்தை வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டங்களே இல்லாமல், தடைகளின் வடிவத்திலிருந்தே வலைப்பின்னலை உருவாக்கும் முறைகளும் உண்டு. தடைகளின் மூலைகளில் ஒன்றையொன்று நேராகப் பார்க்கக்கூடியவற்றை எல்லாம் கோடுகளால் இணைத்தால் கிடைப்பது பார்வைக் கோட்டு வலை. தளத்தில் மிகக் குறுகிய பாதை எப்போதும் அதற்குள் இருக்கும், ஆனால் அது மூலைகளை உரசிக்கொண்டே போகும். இதற்கு நேர் எதிராக, மிக அருகிலுள்ள தடைகளிலிருந்து சம தொலைவில் உள்ள நடுக்கோடுகளை மட்டும் எடுத்துக்கொள்வது கியார்கி வொரொனோய் பெயரால் அழைக்கப்படும் வரைபட முறை. அது அகலமான கூடத்திலும் நட்டநடுவே நடக்கும் அளவுக்கு எச்சரிக்கையானது. குறுமையும் பாதுகாப்பும் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு முனைகள் என்பதை இந்த இரண்டு முறைகளையும் அருகருகே வரைந்து பார்த்தால் உடனே புரியும்.

ஈர்ப்பும் விலக்கலும்

1980களின் நடுவில் உசாமா கதீப் முன்வைத்த முறை தேடலையே கைவிட்டது. இலக்கு ரோபோவை ஈர்க்கிறது, தடைகள் அதைத் தள்ளுகின்றன, இரண்டின் கூட்டு விசை எந்தத் திசையோ அந்தத் திசையில் ரோபோ நகர்கிறது. நிலப்பரப்பாகக் கற்பனை செய்தால், இலக்கு ஒரு பள்ளம், தடைகள் குன்றுகள், ரோபோ உருண்டு இறங்கும் கோலிக்குண்டு. கணக்கு மிகச் சிறியது. தடை நகர்ந்தால் விசையும் அந்த நொடியே மாறுகிறது. முதன்முதலில் இதை நிரலாக எழுதிப் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு எளிதா என்ற வியப்பு வரும்.

இலக்கை நோக்கியிருக்கும் ரோபோவின் முன்னால் 'ப' வடிவச் சுவர் ஒன்றைத் திறந்த பக்கம் ரோபோவைப் பார்க்கும்படி வைத்தால் அந்த வியப்பு தணிந்துவிடும். ரோபோ சுவரின் வயிற்றுக்குள் நேராக நுழைகிறது. எதிர்ச்சுவரை நெருங்க நெருங்க விலக்கல் கூடுகிறது. ஓரிடத்தில் ஈர்ப்பும் விலக்கலும் சரிக்குச் சரியாகி, கூட்டு விசை சுழியாகிறது. ரோபோ அங்கேயே நின்றுவிடுகிறது. கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டாலும் உருண்டு வந்து அதே இடத்தில் நிற்கும். இலக்கு அல்லாத அந்தச் சிறு பள்ளத்திலிருந்து வெளியேற, தற்காலிகமாக இலக்கைவிட்டு விலகிப் போக வேண்டும். அப்படி விலகிப் போவதை இந்த முறை அறியவே அறியாது. இரண்டு சுவர்களுக்கு நடுவேயுள்ள குறுகிய வழியில், ஒரு சுவர் தள்ள மறு சுவர் தள்ள, இடமும் வலமுமாக ரோபோ அல்லாடிக்கொண்டே போவது இதன் இன்னொரு குறை. பெரிய பாதையைத் தேடல் முறையால் கண்டுகொண்டு, அருகில் திடீரென்று வருவதைத் தவிர்க்க மட்டும் விசைகளைப் பயன்படுத்தினால் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. தனியாக அதை மட்டும் நம்பிப் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தற்செயலின் துணை

ஆறு மூட்டுக் கையை மறுபடி எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூட்டையும் 5 பாகை இடைவெளியில் பிரித்தால் மூட்டுக்கு 72 நிலைகள். ஆறு மூட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 13,900 கோடிக் கட்டங்கள். கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் காலியா அடைப்பா என்று குறித்து வைக்கும் வழி இந்த இடத்தில் உடைந்துபோகிறது. இது கணினியின் வேகக் குறைவால் மட்டும் வந்த தடை அன்று. பொதுவான பியானோ நகர்த்துவோர் சிக்கல் அடிப்படையிலேயே மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று ஜான் ரீஃப் 1979இல் நிறுவியிருந்தார்.

1990களில் வந்த திருப்பம், முழு வெளியையும் வரைந்து வைக்க வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டதில் இருக்கிறது. அடைபட்ட பகுதியின் வடிவம் நமக்குத் தெரியாவிட்டாலும், ஒரு குறிப்பிட்ட நிலையைக் கொடுத்து இந்த நிலையில் கை எதன்மீதாவது இடிக்கிறதா என்று கேட்டால் மோதல் சோதனை நிரல் மிக விரைவாகப் பதில் சொல்லிவிடும். அந்தக் கேள்வியை மட்டுமே வைத்துக்கொண்டு வழி காண முடியுமா? முடியும் என்பதே விடை.

லிடியா கவ்ராகி, பீட்டர் ஷ்வெஸ்ட்கா, ஜான்-குளோட் லத்தோம்ப், மார்க் ஓவர்மார்ஸ் ஆகியோர் 1996இல் வெளியிட்ட பி.ஆர்.எம். (Probabilistic Roadmap) முறை, நிலைவெளியில் தற்செயலாகப் பல புள்ளிகளைத் தூவுகிறது. இடிக்கும் புள்ளிகளை எறிந்துவிட்டு, மீதியை அண்டைப் புள்ளிகளோடு நேர்க்கோட்டால் இணைத்துப் பார்க்கிறது. கோடு முழுவதும் இடிக்காமல் இருந்தால் அதை வைத்துக்கொள்கிறது. இப்படி உருவான சாலை வரைபடத்தை ஒருமுறை கட்டிவிட்டால், அதே சூழலில் எத்தனை தொடக்கங்களுக்கும் இலக்குகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

ஸ்டீவன் லவால் 1998இல் முன்வைத்த ஆர்.ஆர்.டி. (Rapidly-exploring Random Tree) முறை, ஒரே ஒரு கேள்விக்கு உடனே விடை வேண்டும் என்ற நிலைமைக்கானது. தொடக்க நிலையை வேராகக் கொண்டு ஒரு மரத்தை அது வளர்க்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெளியில் தற்செயலாக ஒரு புள்ளியை எடுக்க வேண்டும். மரத்தில் அதற்கு மிக அருகிலுள்ள கணுவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணுவிலிருந்து புள்ளியை நோக்கிச் சிறிய ஓர் அடி வைத்துப் பார்க்க வேண்டும். இடிக்காவிட்டால் அங்கே புதிய கணு முளைக்கும். இவ்வளவுதான். இந்தச் சிறிய விதிக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மரத்தின் ஓரத்தில், எதிரே பெரிய காலி இடத்தைப் பார்த்து நிற்கும் கணுவுக்கு அருகில்தான் தற்செயல் புள்ளிகள் அதிகம் விழும், ஏனென்றால் அந்தக் காலி இடம் பெரியது. ஆகவே யாரும் சொல்லாமலேயே மரம் தான் இதுவரை பார்க்காத இடங்களை நோக்கி வேகமாகக் கிளை விடுகிறது. இலக்கிலிருந்தும் இன்னொரு மரத்தை வளர்த்து இரண்டையும் சந்திக்க வைத்தால் பல சூழல்களில் விடை இன்னும் விரைவாக வரும். ஜேம்ஸ் கஃப்னரும் லவாலும் 2000இல் அந்த வடிவத்தைக் கொடுத்தார்கள்.

இந்த முறைகள் கொடுக்கும் உறுதிமொழியைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். ஓரளவாவது அகலமுள்ள வழி ஒன்று இருந்தால், நேரம் கூடக்கூட அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு முழு நிச்சயத்தை நெருங்கிக்கொண்டே போகும். வழி இல்லையென்றால், இல்லை என்று அவை ஒருபோதும் சொல்லா, தேடிக்கொண்டே இருக்கும். பத்து நொடிகள் தேடியும் கிடைக்காவிட்டால் அதற்கு வழி இல்லை என்றும் பொருள் இருக்கலாம், வழி மிகக் குறுகலானது என்றும் பொருள் இருக்கலாம். மேசைக்குக் கதவைப் போல, குறுகிய சந்துகளே இவற்றின் பெரிய சோதனை, ஏனென்றால் தற்செயல் புள்ளி ஒன்று சரியாக அந்தச் சந்துக்குள் விழுவது அரிது. ஆர்.ஆர்.டி. தரும் பாதை தேவையில்லாமல் கோணலாகவும் இருக்கும். அதில் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்து நடுவில் நேர்க்கோடு போட முடியுமா என்று திரும்பத் திரும்பப் பார்த்து நேராக்குவது வழக்கம். எவ்வளவு நேரம் ஓடினாலும் ஆர்.ஆர்.டி. மிகச் சிறந்த பாதையை நெருங்காது என்பதையும், மரத்தின் இணைப்புகளை அவ்வப்போது மாற்றிக் கட்டினால் நெருங்கும் என்பதையும் செர்டாக் கரமனும் எமிலியோ ஃப்ரஸோலியும் 2011இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்கள். அந்தத் திருத்திய வடிவமே ஆர்.ஆர்.டி. ஸ்டார்.

சக்கரம் பக்கவாட்டில் நகராது

இதுவரை புள்ளி எந்தத் திசையிலும் நகரலாம் என்று வைத்துக்கொண்டோம். காரால் பக்கவாட்டில் நகர முடியாது. குறிப்பிட்ட வளைவுக்கு மேல் திரும்பவும் முடியாது. முன்னோக்கி மட்டும் போகும் வண்டிக்கு, தடையில்லாத வெளியில் மிகக் குறுகிய பாதை நேர்க்கோடுகளும் மிக இறுக்கமான வளைவுகளுமாக அதிகபட்சம் மூன்று துண்டுகளால் ஆனது என்று லெஸ்டர் டூபின்ஸ் 1957இலேயே காட்டியிருந்தார். பின்னோக்கியும் போகலாம் என்று சேர்த்துக்கொண்ட வடிவத்தை ஜேம்ஸ் ரீட்ஸும் லாரன்ஸ் ஷெப்பும் 1990இல் தீர்த்தார்கள். தடைகளும் சேரும்போது, கட்டத்திலிருந்து அண்டைக் கட்டத்துக்குத் தாவுவதற்குப் பதிலாக, வண்டி உண்மையில் ஓட்டக்கூடிய சிறு வளைவுகளின் வழியே ஏ ஸ்டார் தேடலை நடத்தலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான தர்ப்பா தானியங்கிக் கார்களுக்காக 2007இல் நடத்திய நகர்ப்புறப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தானியங்கிக் கார், வாகன நிறுத்துமிடங்களில் இந்த வகைத் தேடலைத்தான் பயன்படுத்தியது.

வரைபடம் கையில் இல்லாதபோது

உலகம் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பது சொகுசான அனுமானம். எதுவுமே தெரியாமல், தொடு உணர்வும் இலக்கு எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற அறிவும் மட்டுமே இருந்தால்? விளாடிமிர் லுமெல்ஸ்கியும் அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் 1987இல் தந்த பூச்சி அல்காரிதங்கள் இதற்கு விடை. அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். தொடக்கத்திலிருந்து இலக்குக்கு ஒரு நேர்க்கோட்டை நினைவில் வைத்துக்கொண்டு அதன்மீதே நட. தடையில் முட்டினால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே சுற்று. முட்டிய இடத்தைவிட இலக்குக்கு அருகில் அந்தக் கோட்டை மறுபடி சந்திக்கும்போது தடையை விட்டுவிட்டுக் கோட்டிலேயே தொடர். அப்படிச் சந்திக்காமலேயே முட்டிய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டால், வழி இல்லை. சுவரின் வயிற்றுக்குள் சிக்கி நின்ற ஈர்ப்பு முறை ரோபோவைவிட இந்தப் பூச்சிக்குக் கையிருப்பு மிகக் குறைவு. ஆயினும் தளத்தில் வழி இருந்தால் அது கட்டாயம் இலக்கைச் சேரும் என்பது நிறுவப்பட்ட உண்மை. பாதை நீளமாக இருக்கலாம், அவ்வளவே.

பெரும்பாலான ரோபோக்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. ஓரளவு வரைபடம் உண்டு, போகப் போக அது மாறும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுவதற்குப் பதிலாக, மாறிய கட்டங்களால் பாதிக்கப்படும் பகுதியை மட்டும் திருத்தும் டி ஸ்டார் முறையை ஆண்டனி ஸ்டென்ட்ஸ் 1994இல் கொண்டுவந்தார். ஸ்வென் கோனிக்கும் மாக்சிம் லிகாச்சேவும் 2002இல் தந்த எளிய வடிவமே இன்று அதிகம் படிக்கப்படுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த முறை ஒன்று, ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஆகிய செவ்வாய் ஊர்திகளுக்குப் பின்னாளில் அனுப்பப்பட்ட மென்பொருளில் இடம்பெற்றது. பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும் இடத்தில், பாறையைக் கண்டதும் பாதையைத் தானே திருத்திக்கொள்ளும் திறமை ஊர்திக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நடமாடும் மனிதர்களுக்கு நடுவே இன்னும் விரைவான அடுக்கு ஒன்று வேண்டும். டீட்டர் ஃபாக்ஸ், வொல்ஃப்ராம் புர்கார்ட், செபாஸ்டியன் த்ரன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட இயங்கு சாளர முறை, பாதையைப் பற்றி யோசிக்காமல் வேகங்களைப் பற்றி யோசிக்கிறது. இந்த நொடியில் மோட்டாரால் எட்டக்கூடிய நேர் வேகங்களையும் திரும்பும் வேகங்களையும் பட்டியலிட்டு, தடைக்கு முன்னால் பிரேக் பிடித்து நின்றுவிட முடியாத இணைகளை எல்லாம் நீக்கிவிட்டு, மீதியில் இலக்கை நோக்கியும் தடையை விட்டு விலகியும் விரைவாகவும் போகும் இணையைத் தேர்வு செய்கிறது. பல சக்கர ரோபோக்களில் மேலே ஏ ஸ்டார் போன்ற ஒன்று அறை முழுவதற்குமான பாதையை அவ்வப்போது போட்டுக் கொடுக்க, கீழே இது போன்ற ஒன்று நொடிக்குப் பல முறை ஓட்டிக்கொண்டிருக்கும்.

நான் ஒருமுறை வேலை செய்த சிறிய சக்கர ரோபோ, காலியான கூடத்தின் நடுவே நின்றுகொண்டு 'வழி இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஏ ஸ்டாரிலும் தவறில்லை, கீழ் அடுக்கிலும் தவறில்லை. திரையில் அதன் வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது, சற்று முன் குறுக்கே நடந்து போன ஒருவரின் கால்கள் பட்ட கட்டங்கள் எல்லாம் வரிசையாக அடைப்பு என்று குறிக்கப்பட்டு, கூடத்தை இரண்டாகப் பிளந்த வேலி போல நின்றன. ஒவ்வொரு கட்டமும் ரோபோவின் ஆரத்துக்குப் பெருக்கப்பட்டிருந்ததால் வேலியில் இடைவெளியே இல்லை. தொலைவை அளக்க ரோபோ வீசும் லேசர் கதிர் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போனால்தான் அந்தக் கட்டம் காலி என்று அழிக்கப்படும். ஆனால் கூடத்தின் மறுபக்கச் சுவர் லேசரின் எல்லைக்கு அப்பால் இருந்தது. எதிலும் பட்டுத் திரும்பாத கதிர்களை நிரல் பிழையான அளவீடு என்று எண்ணி ஒதுக்கிவிட்டதால், இல்லாத கால்களை அழிக்க யாருமில்லாமல் போயிற்று. திரும்பி வராத கதிரை, 'எல்லை வரை காலி' என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரியை மாற்றினோம். அடுத்த சுற்றிலேயே வேலி கரைந்தது. ரோபோ கூடத்தைக் கடந்து போயிற்று.